பழைய வழிகாட்டிக் கருவியை மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது எது?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு மேலாக என் காரில் ஒரு ஜி.பி.எஸ். வழிகாட்டிக் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். இப்போது சார்ஜர் ஒயரைக் கழற்றியவுடன் அணைந்துவிடுகிறது. தேதியும் பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறது. புதிதாகப் போட்ட புறவழிச்சாலையில் போனால், சாலையே இல்லாத வெற்றிடத்தில் கார் போவதாகக் காட்டுகிறது. புதியது வாங்கலாம் என்று கடைக்குச் சென்றால், திரை எத்தனை அங்குலம் என்பதைத் தவிர விற்பனையாளர் வேறு எதையும் சொல்வதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை மூன்று வெவ்வேறு கோளாறுகள். அவற்றைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

ஒயரை எடுத்ததும் அணைந்துபோவது பேட்டரி வலுவிழந்துவிட்டதன் அடையாளம். இவ்வகைக் கருவிகளில் உள்ள லித்தியம் அயான் பேட்டரி, புதிதாக இருக்கும்போதே பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தால் இன்னும் விரைவில் தளர்ந்துவிடும். ஓட்டும் நேரம் முழுவதும் ஒயரில் இணைத்தே வைத்திருப்பவர் என்றால், இந்த ஒரு குறைக்காகக் கருவியை மாற்றத் தேவையில்லை. ஆனால் பின்பக்கம் உப்பியிருந்தாலோ, திரையின் விளிம்பு மேலே தூக்கியிருந்தாலோ, அதன் பிறகு ஒருமுறைகூட அதைச் சார்ஜ் செய்யாதீர்கள்.

தேதி தவறுவதற்குக் காரணம் வேறு. பழைய கருவிகள் படிக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வார எண் 0 முதல் 1023 வரைதான் ஓடும். 1024 வாரங்கள், அதாவது ஏறத்தாழ 19.6 ஆண்டுகள் முடிந்ததும் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில் வரும். இதற்கேற்ப மென்பொருள் திருத்தப்படாத கருவிகள் இடத்தைச் சரியாகக் காட்டினாலும், தேதியை மட்டும் சுமார் இருபது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிடும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு மென்பொருள் திருத்தம் இருந்தால், அதைப் போட்டுப் பாருங்கள், செலவில்லாமலே சரியாகிவிடக்கூடும்.

மூன்றாவது குறைதான் கருவியை மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. அந்த மாடலுக்குப் புதிய வரைபடம் வருவது நின்றுவிட்டது என்றால், பேட்டரியை மாற்றினாலும் தேதியைத் திருத்தினாலும் அந்தக் கருவியால் இனிப் பயனில்லை. அதே காரணத்தால், புதிய கருவியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இதற்குப் புதிய வரைபடம் கிடைக்கும்?

பெட்டியின் மேல் ‘வாழ்நாள் முழுவதும் இலவச மேப் அப்டேட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது வாங்குபவரின் வாழ்நாளைக் குறிப்பதில்லை. விதிமுறைகளைப் படித்தால், தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் காலம் வரை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆதரவை நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருக்கும். ஆகவே நீங்கள் வாங்கும் தேதியைவிட, அந்த மாடல் சந்தைக்கு வந்த ஆண்டே முக்கியம். பெரிய தள்ளுபடியில் கிடைக்கும் கருவி சில ஆண்டுகளுக்கு முன்பே வெளியான மாடலாக இருக்கலாம். அப்படியானால் அதன் ஆதரவுக் காலத்தில் ஒரு பகுதி நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கழிந்துவிட்டது. கடையில் நிற்கும்போதே மாடல் எண்ணைக் கைபேசியில் தேடி, அது எப்போது அறிமுகமானது, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இலவச அப்டேட் எந்தெந்த நாடுகளின் வரைபடங்களுக்குப் பொருந்தும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி ஓட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது உள்நினைவகம். ஒவ்வொரு அப்டேட்டிலும் வரைபடத்தின் அளவு கூடிக்கொண்டே போகிறது. வாங்கிய நாளில் போதுமானதாக இருந்த இடம் சில ஆண்டுகளில் நிரம்பிவிட, ஆதரவு இருந்தும் புதிய வரைபடத்தை ஏற்ற முடியாத நிலை வருகிறது. ஆகவே மெமரி கார்டு போடும் வசதி இருக்கும் கருவியையே தேர்ந்தெடுங்கள். கார்டில் வரைபடத்தையே ஏற்ற முடியுமா, படங்களுக்கும் பாடல்களுக்கும் மட்டும்தானா என்பதையும் விசாரியுங்கள். வைஃபை மூலம் நேரடியாக அப்டேட் செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. கணினியுடன் ஒயரில் இணைத்து, அதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவி, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கருவியை நாளடைவில் பலரும் அப்டேட் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

கடையில் கருவியை இயக்கிப் பார்க்க அனுமதித்தால், விளம்பரக் காட்சியைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று இடங்களைத் தேடுங்கள்: அண்மையில் திறந்த ஒரு சாலை, ஒருவழிப் பாதையாக மாற்றப்பட்ட ஒரு தெரு, கதவு எண்ணுடன் ஒரு நண்பரின் முகவரி. புதிய சாலை இருக்கிறதா, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் அனுப்புகிறதா, கதவு எண்ணைக் கண்டுபிடிக்கிறதா அல்லது தெருவின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் பல மாதங்கள் இருந்த கருவியில் பழைய வரைபடம் இருக்கக்கூடும் என்பதால், புதிய சாலை இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டாம். ‘அப்டேட் செய்தால் வருமா’ என்று கேட்டு, அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கதவு எண் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதிக்கான தரவு அந்த நிறுவனத்திடம் குறைவாக இருப்பதாகவே கொள்ளலாம்.

திரையைப் பொறுத்தவரை, 6 அங்குலம் பெரும்பாலான கார்களுக்குப் போதும். 7 அங்குலத் திரை படிக்க வசதியானதுதான், ஆனால் சிறிய காரின் முன்கண்ணாடியில் அது சாலையின் ஒரு பகுதியை மறைத்துவிடும். அளவைவிட முக்கியமானது, நேர் வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பது. கருவியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். விரலால் தொட்ட மாத்திரத்தில் செயல்படும் திரைதான் வேண்டும். அழுத்தினால் மட்டுமே ஏற்கும் பழைய வகைத் திரையில் முகவரியைத் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

செயற்கைக்கோள்களைப் பற்றிக் கடையில் மிகைப்படுத்திச் சொன்னால் அதற்காக அதிகப் பணம் தர வேண்டாம். இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். உடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் பயன்படுத்தும் கருவிகளுக்கு, உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் போதிய எண்ணிக்கையில் செயற்கைக்கோள்கள் தென்படும் வாய்ப்பு கூடுகிறது. இது நல்ல வசதி. என்றாலும், துல்லியமாகக் கணித்த இடத்தைப் பழைய வரைபடத்தின் மேல் காட்டினால் நீங்கள் இப்போது பார்க்கும் அதே வெற்றிடம்தான் தெரியும்.

கேள்வி: கையில் ஸ்மார்ட்போன் இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு?

பதில்: காரில் ஏற்கனவே திரை இருந்து, கைபேசிச் செயலிகளை அந்தத் திரையில் காட்டும் கார்ப்ளேயோ (ஐபோனுக்கு, 2014இல் வந்தது) ஆண்ட்ராய்டு ஆட்டோவோ (ஆண்ட்ராய்டு போனுக்கு, 2015இல் வந்தது) அதில் வேலை செய்கிறது என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தனிக் கருவி தேவையில்லை என்றே சொல்வேன். கைபேசிச் செயலியில் வரைபடம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. போக்குவரத்து நெரிசலும் உடனுக்குடன் தெரிகிறது.

இருந்தாலும் மூன்று வகையினருக்குத் தனிக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைபேசி சிக்னல் கிடைக்காத மலைப்பகுதிகளிலும் நீண்ட நெடுஞ்சாலைகளிலும் அடிக்கடி ஓட்டுபவர்கள் முதல் வகை. கைபேசி சிக்னல் இல்லாத இடத்திலும் அதில் உள்ள ஜி.பி.எஸ். இயங்கும் என்பது உண்மை. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க மறந்தால், வெறும் திரையின் மேல் ஒரு நீலப் புள்ளி மட்டுமே மிஞ்சும். லாரி, கேரவன் போன்ற பெரிய வாகனங்களை ஓட்டுபவர்கள் இரண்டாவது வகை. வாகனத்தின் உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதிந்து வைத்தால் தாழ்வான பாலங்களையும் எடை தாங்காத சாலைகளையும் தவிர்த்து வழிகாட்டும் கருவிகள் அவர்களுக்கென்றே வருகின்றன. சாதாரணச் செயலியை நம்பி அத்தகைய வாகனத்தைக் குறுகிய சாலையில் இறக்குவது ஆபத்து. ஓட்டும்போது அழைப்பும் குறுஞ்செய்தியும் குறுக்கிடாமல், பெரிய எழுத்தும் தெளிவான குரலும் போதும் என்று விரும்பும் மூத்த ஓட்டுநர்கள் மூன்றாவது வகை.

கேள்வி: எனது கருவியில் போக்குவரத்து நெரிசல் பற்றிய தகவல் திடீரென வருவதில்லை. ஒயர் பழுதானதால் வேறு ஒயர் மாற்றினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். பண்பலை வானொலி வழியாக நெரிசல் தகவலைப் பெறும் சில மாடல்களில், அதைப் பெறும் ரிசீவர் கருவிக்குள் இல்லாமல் சார்ஜர் ஒயரிலேயே வைக்கப்பட்டிருக்கும். பழைய ஒயரின் நடுவில் சிறு பெட்டி போன்ற ஒரு தடிப்பு இருந்ததா என்று பாருங்கள். அது இல்லாத சாதாரண ஒயரை மாற்றினால் கருவி சார்ஜ் ஆகும், ஆனால் நெரிசல் தகவல் வராது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. கருவிக்குள்ளேயே சிம் வைத்து வந்த பழைய மாடல்கள், 2ஜி அல்லது 3ஜி சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் நெரிசல் தகவலைப் பெற முடியாமல் போயின. அப்படியானால் அந்தக் கருவியில் அந்த வசதியை மீட்க வழியில்லை. புதிதாக வாங்குபவர்கள், நெரிசல் தகவல் ஒயர் வழியாகவா, உள்ளே உள்ள சிம் வழியாகவா, உங்கள் கைபேசியின் இணையம் வழியாகவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: புதிய கருவி என் காரில் செயற்கைக்கோளைப் பிடிக்கவே வெகு நேரம் எடுக்கிறது. நண்பரின் காரில் உடனே பிடிக்கிறது. கருவியில் பழுதா?

பதில்: நண்பரின் காரில் சரியாக இயங்குவதால் கருவியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சோ, பனியைக் கரைக்க நுண்ணிய கம்பிகளோ இருக்கும். அவை சமிக்ஞையை வெகுவாகக் குறைத்துவிடும். பெரும்பாலும் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டிய சிறு பகுதி பூச்சில்லாமல் விடப்பட்டிருக்கும். கருவியை அதற்கு அருகில், பார்வையை மறைக்காத வகையில் பொருத்திப் பாருங்கள். வெகுநாள் அணைத்து வைத்திருந்த கருவி முதல் முறை தாமதிப்பது இயல்பே. செயற்கைக்கோள் தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. தன் பாதையைப் பற்றி அது அனுப்பும் விவரத்தைப் பெறவே சுமார் 30 நொடிகள் வேண்டும். இடையில் தடைபட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, இடம் பிடிபட்ட பிறகு கிளம்புங்கள்.

கேள்வி: பழைய கருவியை விற்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சேமித்து வைத்த இடங்களை முதலில் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பல கருவிகள் அவற்றை ஜி.பி.எக்ஸ். (இடங்களையும் வழித்தடங்களையும் சேமிக்கும் பொதுவான வகை) கோப்பாகக் கணினிக்கு மாற்றித் தரும்; அதைப் புதிய கருவி ஏற்குமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அதன் பிறகு தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமையுங்கள். ‘வீடு’ என்று நீங்கள் பதிந்து வைத்த முகவரியும், போய்வந்த இடங்களின் பட்டியலும் அதற்குள் இருக்கின்றன. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் கணக்கிலிருந்து கருவியின் வரிசை எண்ணையும் நீக்குங்கள். நீக்காவிட்டால் வாங்குபவரால் வரைபட அப்டேட்டைப் பெற முடியாமல் போகலாம். பேட்டரி உப்பியிருந்தால் விற்கவே வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.