ஸொம்பியைக் கடதாசியில் நடக்கவைப்பது எப்படி: அட்டை விளையாட்டுக்கு விதி எழுதுவோருக்கான கேள்வி பதில்

பிளான்ற்ஸ் வேர்சஸ் ஸொம்பீஸ் என்ற கணினி விளையாட்டைத் தழுவி, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடக்கூடிய அட்டை விளையாட்டு ஒன்றுக்கு, கிளிநொச்சியில் நானும் நண்பர்கள் சிலரும் இரண்டு ஆண்டுகளாக விதி எழுதித் திருத்தி வருகிறோம். 2009இல் பொப்கப் நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: முற்றத்தின் ஐந்து நிரைகளில் நாம் செடிகளை நட வேண்டும், எதிர்ப்புறமிருந்து வரும் ஸொம்பிகள் என்ற நடைபிணங்கள் அவற்றைத் தின்றுகொண்டே வீட்டை நோக்கி நடக்கும். இதுபோன்ற முயற்சியில் இறங்கியிருக்கும் வன்னி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

அண்ணா, விளையாட்டில் உள்ள எல்லாச் செடிகளையும் அட்டையாக்கத் தொடங்கினேன். விதிகள் இருபது பக்கத்தைத் தாண்டிவிட்டன. எங்கே பிழைத்தது? (பரந்தன், உயர்தர மாணவர்)

தம்பி, மூல விளையாட்டில் 49 செடிகள் இருக்கின்றன; அவை ஒவ்வொன்றின் கணக்கையும் கணினி ஓசையில்லாமல் பார்த்துக்கொள்கிறது. அட்டையில் அந்தக் கணக்கு முழுவதும் ஆடுபவரின் தலையில் விழுகிறது. ஆகவே "இதை எப்படி அட்டையாக்குவது" என்று கேட்பதற்கு முன்பு, "இதை எண்ணும் சிரமத்துக்கு ஈடாக ஆடுபவருக்கு என்ன கிடைக்கிறது" என்று கேளுங்கள். எங்களைப் பொறுத்தவரை அந்த விளையாட்டின் உயிர் ஒன்றுதான்: செடி வாங்கும் பணமான சூரிய ஒளியைச் சேர்ப்பதா, இப்போதே காவலை வைப்பதா என்ற தவிப்பு. அந்தத் தவிப்புக்கு உதவாத எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிரைகள் மூன்றாயின. நிரைக்கு ஒன்பது கட்டங்கள் இருந்த இடத்தில், செடிகளுக்கு மூன்று இடமும் ஸொம்பி நடக்க நான்கு கட்டமும் மட்டுமே எஞ்சின. செடிகள் எட்டு வகையாகக் குறைந்தன.

செடிகளின் விலையையும் ஸொம்பிகளின் வலுவையும் எந்த அடிப்படையில் சுருக்குவது? (மாங்குளம்)

விலையில் சிக்கலே இல்லை. ஒளி தரும் சூரியகாந்தி 50, பட்டாணியால் சுடும் பட்டாணிச்செடி 100, ஸொம்பியை மறித்து நிற்கும் கொட்டைமதில் 50, செரிக்குண்டு 150, உருளைக்கிழங்கு வெடி 25 என்று எல்லா விலைகளும் 25இன் மடங்குகளாகவே இருப்பதால், 25ஆல் வகுத்தால் 2, 4, 2, 6, 1 என்று எதுவும் சிதையாமல் கிடைக்கும். தொடக்கத்தில் கையில் இருக்கும் 50 ஒளி, எண்ணுவதற்கு நாங்கள் வைக்கும் புளியங்கொட்டைகளில் இரண்டாகிவிடும். அந்த இரண்டும் ஒரு சூரியகாந்திக்குச் சரியாகப் போதும் என்பதை முதன்முறை கவனித்தபோது, மூல விளையாட்டை அமைத்தவர்களின் நுட்பத்தை எண்ணி வியந்தேன்.

வலுவில்தான் நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தோம். மூல விளையாட்டில் சாதாரண ஸொம்பி 10 பட்டாணி பட்டால் விழும்; தலையில் கூம்பு வைத்தது 28, வாளி கவிழ்த்தது 65. இந்த விகிதத்தை அப்படியே காத்து 2, 6, 13 என்று முதலில் எழுதினோம். வாளி ஸொம்பியின் மேல் பதின்மூன்று கொட்டைகளை அடுக்கி, அட்டையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்போது அவை உருண்டு மேசைக்குக் கீழே போயின. எது எவ்வளவு என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் விகிதத்தை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரிந்தது. எங்கள் நிரையில் ஸொம்பி செடியை எட்டுவதற்குள் ஒரு பட்டாணிச்செடி நான்கு முறை சுடும். இரண்டு செடிகள் எட்டு முறை. எனவே கூம்புக்கு 5, வாளிக்கு 9 என்று வைத்தோம். ஒரு செடி கூம்பிடம் ஒரேயொரு அடியால் தோற்கும், இரண்டு செடிகள் வாளியிடம் ஒரேயொரு அடியால் தோற்கும். அந்த ஓர் அடிக்காகவே ஆடுபவர் கொட்டைமதிலைத் தேடி ஓடுவார். சாதாரண ஸொம்பிக்கு 2 போதும். நீங்கள் எந்த விளையாட்டைத் தழுவினாலும், உங்கள் பலகையில் "நான்கும் எட்டும்" எவை என்பதை முதலில் கண்டுபிடித்து, அவற்றைச் சற்றே தாண்டும் எண்களைத் தெரிவுசெய்யுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சூரியகாந்தியை மட்டுமே நட்டு, கடைசியில் ஒரேயடியாக எல்லாவற்றையும் வாங்கி வெல்கிறார்கள். (மல்லாவி)

கணினியில் ஒளியைச் சும்மா பெற முடியாது. விழும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுச் சேர்க்க வேண்டும், அதே வேளையில் ஐந்து நிரைகளையும் கண்காணிக்க வேண்டும். அங்கே கவனமே ஒரு செலவு. மேசையில் அந்தச் செலவு மறைந்துபோவதால் சூரியகாந்திக்கு வேறொரு விலை வைத்தாக வேண்டும். எங்கள் விதியில் அது ஓர் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்கிறது: நிரைக்கு மூன்றே இடங்கள் என்பதால், இரண்டு சூரியகாந்திகளை நட்டவருக்கு அந்த நிரையில் ஒரு பட்டாணிச்செடிக்கு மட்டுமே இடமிருக்கும்.

ஒரு செடியை நட்டபின் அதை மீண்டும் நடச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டுமே, அதை நாழிகைக் கணக்கு இல்லாமல் எப்படிக் காட்டுவது? (விசுவமடு)

சீட்டுக்கட்டே கடிகாரம். விரைவில் மீளும் பட்டாணிச்செடி அட்டையைப் பயன்படுத்தியபின் மீண்டும் கையில் எடுக்கலாம். மெதுவாக மீளும் செரிக்குண்டு கட்டின் அடிக்குப் போகிறது. கட்டு ஒருமுறை முடிந்தால்தான் அது திரும்ப வரும். தனியாக எதையும் எண்ணத் தேவையில்லை.

ஐயா, எல்லா அட்டைகளும் திறந்தே கிடப்பதால் ஆட்டம் சதுரங்கம்போல் வறண்டுவிடுகிறது. திகைப்பை எப்படிக் கொண்டுவரலாம்? (நெடுங்கேணி)

இதற்கு நம் ஊர்த் திண்ணைகளிலேயே பாடம் இருக்கிறது. முந்நூற்றுநான்கு என்ற கடதாசி விளையாட்டில் எட்டுக் கடதாசிகளில் நான்கை மட்டும் பார்த்துவிட்டு, ஏலம்போல், எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கிறோம். துரும்பும் கவிழ்ந்தே கிடக்கிறது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் முடிவெடுப்பதில்தான் அதன் சுவை முழுவதும் இருக்கிறது. ஸொம்பி விளையாட்டும் ஏறக்குறைய அதையே செய்கிறது: ஒவ்வொரு நிலை தொடங்குமுன்னும் வரப்போகும் ஸொம்பிகள் தெருவில் நிற்பதைக் காட்டுகிறது, ஆனால் எந்த நிரையில், எப்போது வரும் என்பதைச் சொல்வதில்லை. நாங்கள் இரண்டையும் இணைத்தோம். ஸொம்பிப் பக்கத்தவர் எட்டு அட்டைகளைப் பிரித்து, நான்கைத் திறந்து காட்டுவார். மற்ற நான்கையும் கவிழ்த்து வைப்பார். எதிராளி அந்த நான்கை மட்டும் பார்த்துத் தன் செடிகளைத் தெரிவுசெய்ய வேண்டும். முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய பெரியவர்கள் இந்த விதியை விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொண்டார்கள்.

விதியை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் சண்டை வருகிறது, சேர். (முள்ளியவளை, ஆசிரிய பயிலுநர்)

பெரும்பாலான சண்டைகளுக்குச் சொல்லே காரணம். "ஸொம்பிக்கு முன் செடி சுடும்" என்று நான் எழுதியிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இந்த விளையாட்டை அறியாத மாணவிகள் இருவரிடம் விதித்தாளைக் கொடுத்துவிட்டு, வாய் திறப்பதில்லை என்ற முடிவோடு அருகில் அமர்ந்திருந்தேன். ஒருத்தி "முன்" என்றால் ஸொம்பி நகர்வதற்கு முதல் என்றாள்; மற்றவள் ஸொம்பிக்கு முன்னால் நிற்கும் செடி மட்டுமே சுடும் என்றாள். இருவரும் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார்கள். கடைசிக் கொட்டையின் மேல் ஒருத்தி பெருவிரலை அழுத்திக்கொண்டு அதை எடுக்கவும் விடாமல் பத்து நிமிடம் வாதாடினாள். அன்றிரவே அந்த வரியை "முதலில் எல்லாச் செடிகளும் சுடும், அதன்பிறகு எல்லா ஸொம்பிகளும் ஒரு கட்டம் நகரும்" என்று மாற்றினேன்.

"வரை" என்ற சொல்லும் இப்படித்தான்: "மூன்று வரை" என்றால் மூன்றும் சேருமா என்று கேட்பார்கள், "மூன்றுக்கு மேற்படாமல்" என்று எழுதுங்கள். "வைக்கலாம்" என்பதையும் "வைக்க வேண்டும்" என்பதையும் ஒருபோதும் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதாதீர்கள். ஒரே பொருளை ஒரு பக்கத்தில் "நிரை" என்றும் மறுபக்கத்தில் "வரிசை" என்றும் அழைப்பது கட்டுரைக்கு அழகாக இருக்கலாம், விதிக்கு அது கேடு. பரீட்சித்துப் பார்க்கும்போது விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும்; சொல்லாமல் அவர்கள் கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டிய வரிகள் தாமாகவே தெரியும்.

ஸொம்பிக்குப் பதிலாகக் காட்டுப்பன்றியையும் யானையையும் வயலுக்குள் வரவிடலாமா? (ஒட்டுசுட்டான்)

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் படத்தை மட்டும் மாற்றிவிட்டு விதியை அப்படியே விடாதீர்கள். யானை நிரை பார்த்து நடப்பதில்லை. வேலி உறுதியாக இருக்கும் இடத்தை விட்டுப் பக்கத்து நிரைக்குத் திரும்ப அதற்கு அனுமதி வேண்டும். பன்றிகள் கூட்டமாக வரும், ஆகவே வலு 1 உள்ள அட்டைகள் மூன்றை ஒரே முறையில் இறக்கலாம். செரிக்குண்டின் இடத்தில் யானை வெடி வரும். ஆனால் வெடிச்சத்தத்துக்கு யானை பழகிவிடும் என்பது காவற்கொட்டிலில் இரவு விழித்தவர்களுக்குத் தெரியும். அதனால் முதல் வெடிக்கு யானை நான்கு கட்டம் பின்வாங்க, அடுத்த வெடிக்கு இரண்டு கட்டம் மட்டும் பின்வாங்கட்டும். யானையைக் கொல்லும் விதி வேண்டாம். விரட்டுவதே வெற்றியாக இருக்கட்டும்.

இன்னும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. சூரிய ஒளி நேரம் போகப்போகப் பெருகும். சிறுபோகத்தில் குளத்து நீர் நாளுக்கு நாள் குறையும். ஒளிக்குப் பதிலாக நீரை வைத்தால், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே குளத்தில் முப்பது கொட்டைகளை இட்டு, துருசைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்து எடுக்கச் செய்யலாம். அப்போது "இன்று சேர்ப்பதா, காப்பதா" என்ற தவிப்பு "இன்று செலவிடுவதா, அறுவடை வரை மிச்சம் பிடிப்பதா" என்று மாறும். அது ஸொம்பி விளையாட்டின் நகலாக இருக்காது, உங்களுடைய சொந்த விளையாட்டாகவே இருக்கும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி தாருங்கள்.

இப்படித் தழுவுவது சட்டப்படி பிழையா? (வவுனியா)

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிப்புரிமையை ஆக்கத்தின் வெளிப்பாட்டுக்கே வழங்குகிறது. எண்ணமும் செயன்முறையும் அந்தப் பாதுகாப்பில் அடங்குவதில்லை. நிரை, விலை, காத்திருப்பு போன்ற ஆட்டமுறையை எடுத்தாளலாம். ஆனால் படங்களும் அட்டையில் உள்ள விவரணங்களும் உரியவர்களுக்குச் சொந்தம். விளையாட்டின் பெயர் வணிகக்குறி. பொப்கப் 2011 முதல் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. வீட்டில் ஆடுவதற்கு அப்பால் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ நினைத்தால், படத்தையும் பெயரையும் நீங்களே புதிதாக ஆக்குங்கள்.

அச்சிட என்ன செலவாகும், எந்த அளவு நல்லது? (புதுக்குடியிருப்பு)

செலவு கடைக்குக் கடை மாறும். 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் உயரமும் உள்ள அட்டை கைக்கு இதமானது. ஏ4 தாளில் ஒன்பது அட்டைகள் அடங்கும், எனவே 54 அட்டைகளுக்கு ஆறு தாள்கள் போதும். விதி நிலைக்கும்வரை லமினேற் செய்யாதீர்கள். நான் முதற்பதிப்பையே லமினேற் செய்துவிட்டு, வாளி ஸொம்பியின் 13ஐ 9 ஆக மாற்ற வழியில்லாமல் நின்றேன். பிறிஸ்டல் போட் துண்டில் பென்சிலால் எழுதி, அழித்து அழித்து ஆடுங்கள்.