மூன்று கொட்டேஷன், மூன்று தொகை: இணையக் கடையைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: சென்னிமலையில் போர்வை, துண்டு விற்கும் கடை எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) அமைத்த இணையக் கடையில் சுமார் 600 பொருட்கள் இருக்கின்றன. பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஆர்டர்தான் குறைந்துகொண்டே போகிறது. தளத்தைப் புதுப்பிக்க ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 1.8 லட்சம், மூன்றாமவர் 6 லட்சம். எது நியாயம்?

பதில்: மூவருமே நியாயமாகக் கேட்டிருக்கலாம். ஏனென்றால் மூவரும் விலை சொல்லியிருப்பது வெவ்வேறு வேலைக்கு. 45,000 என்றால் பெரும்பாலும் ஆயத்தமாகக் கிடைக்கும் தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) ஒன்றை மாட்டி, வண்ணமும் லோகோவும் மாற்றித் தருவார்கள். 6 லட்சம் கேட்பவர் அநேகமாக எல்லாவற்றையும் புதிதாக எழுத நினைக்கிறார். என்ன வேலை வேண்டும் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கொடுக்காதவரை இந்தத் தொகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

அந்தத் தாளை எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, விலை குறைந்த ஒரு கைபேசியில் உங்கள் கடைக்குள் நுழைந்து ஒரு டபுள் போர்வையை வாங்கிப் பாருங்கள். படம் வர எத்தனை நொடி ஆகிறது? அளவைத் தேர்ந்தெடுத்த பிறகு ‘வாங்கு’ பொத்தான் கண்ணில் படுகிறதா, விரலால் தள்ளித் தேட வேண்டியிருக்கிறதா? கூரியர் கட்டணம் முதலிலேயே தெரிகிறதா, முகவரி, பின்கோடு எல்லாம் நிரப்பிய பிறகு திடீரென்று முளைக்கிறதா? ஆட்கள் வந்தும் ஆர்டர் விழவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். முகப்புப் பக்கத்தின் அழகுக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. ஆனால் கொட்டேஷன் தருபவர்கள் முதலில் காட்டுவது முகப்பைத்தான்!

இனி கணக்கு. 600 பொருள் என்றதும் 600 பக்கம் என்று மலைக்க வேண்டாம். பொருள் பக்கத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான், 600 பொருளும் அதற்குள் வந்து உட்காரும். அப்படிப் பார்த்தால் செய்ய வேண்டியவை ஏழெட்டு வடிவங்களே. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: முகப்பு 25, வகைப் பக்கம் 20, பொருள் பக்கம் 35, கூடையும் பணம் செலுத்தும் பக்கமும் 30, தேடல், வாடிக்கையாளர் கணக்கு முதலியவை 30. மொத்தம் 140 மணி நேரம். பொருள் விவரங்களைச் சரிபார்த்து மாற்ற 25, பழைய இணைப்புகளைப் புதியவற்றோடு கோக்க 10, சோதனைக்கு 25 என்று இன்னும் 60 சேரும். மணிக்கு 800 ரூபாய் என்றால் 200 மணி நேரத்துக்கு 1,60,000. 18 சதவீத ஜிஎஸ்டி 28,800 சேர்த்தால் 1,88,800. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் பொதுவாக அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பொருள் பக்கத்தையும் பணம் செலுத்தும் பக்கத்தையும் மட்டும் திருத்திச் சோதித்தால் 80 மணி நேரம், 64,000 ரூபாய், வரி தனி. உங்கள் நிலையில் நான் இதில்தான் தொடங்குவேன்.

கொட்டேஷனில் எழுதப்படாமல் பிறகு தலை தூக்கும் செலவுகள் சில உண்டு. முதலாவது புகைப்படம். பொருளுக்கு 150 ரூபாய் என்று பேசினாலும் 600 பொருளுக்கு 90,000 ஆகிவிடும். அதிகம் விற்கும் 100 பொருளை மட்டும் முதலில் எடுங்கள். இரண்டாவது, நான் மேலே 10 மணி நேரம் என்று போட்ட அந்தச் சின்ன வேலை. தளம் மாறும்போது பொருள் பக்கங்களின் முகவரிகளும் மாறினால், கூகுள் தேடலில் இருப்பவையும் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவையும் ‘பக்கம் இல்லை’ என்று திறக்கும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பும் 301 ரீடைரக்ட் வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இதைக் கேட்டதும் விழிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்), பராமரிப்பு ஆகியவை ஆண்டுச் செலவு, அவற்றைத் தனியாக எழுதி வாங்குங்கள். டொமைன் உங்கள் பெயரிலும், நிர்வாகக் கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். மொத்தத் தொகையின் மேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள், நடுவில் ‘இதையும் சேர்த்துவிடலாமே’ என்று நீங்களே கேட்பீர்கள்.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம், புதிய தளம் ஒரு மாதம் கோளாறில்லாமல் ஓடிய பிறகு. புதிய தளத்தைத் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில் திறக்கச் சம்மதிக்காதீர்கள். அந்த நேரத்தில் பணம் செலுத்தும் பக்கம் ஒரு நாள் முடங்கினால் ஏற்படும் நஷ்டம் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.