எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்போருக்கு: கேள்வி பதில்

காவிரி டெல்டாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அருகில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் குழுவின் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

மன்னார்குடி பக்கத்து விவசாயி: ஐயா, 2020லேயே வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டது. இனி தோண்ட முடியாது என்று ஊரில் இனிப்பெல்லாம் கொடுத்தோம். இப்போது பழைய கிணற்றுத் திடலில் மறுபடி துளையிடும் ரிக் இயந்திரம் வந்து நிற்கிறதே?

சட்டத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள் தம்பி. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எதையும் புதிதாகத் தேடவோ, துளையிடவோ, எடுக்கவோ கூடாது என்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வேலைகளை அது தொடவில்லை. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோயில்களப்பால், குத்தாலம் கிணறுகளெல்லாம் அதற்கு வெகு காலம் முந்தியவை. குழாய்ப் பாதைக்கும் தடை இல்லை. எல்லையையும் பாருங்கள்: தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள் முழுசாக, கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். மயிலாடுதுறை அப்போது நாகை மாவட்டத்துக்குள் இருந்தது. திருச்சி, அரியலூர், கரூர் உள்ளே வரவில்லை. காரைக்கால் புதுச்சேரி ஆட்சி, அங்கே இந்தச் சட்டமே செல்லாது.

உங்கள் ஊர் ரிக்குக்கு வருகிறேன். லாரி மேலேயே பொருத்திய சிறிய ரிக் என்றால் பெரும்பாலும் பராமரிப்பு வேலை. போர்க் கிணற்றில் மோட்டாரைத் தூக்கிச் சரிபார்ப்பது போல, உள்குழாயை உருவி, அடைப்பு நீக்கி, திரும்ப இறக்குவார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதே பழைய துளைக்குள் இறங்கி, பாதி ஆழத்தில் பக்கவாட்டில் திருப்பிப் புதுத் துளை போடவும் முடியும். மேலே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே கிணறுதான். என்னைக் கேட்டால் இரண்டாவது புதுத் துளையிடல்தான், வேறு பெயர் வைத்தாலும். அதனால் 'வேலை நடக்கிறதா' என்று கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நான்கு விஷயம் கேளுங்கள்: கிணற்றின் எண், செய்யப்போவது பராமரிப்பா பக்கத் துளையா, சுற்றுச்சூழல் அனுமதியின் தேதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை எந்தத் தேதி வரை செல்லும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. வரும் பதில், அல்லது பதில் வராதது, இரண்டுமே பின்னால் உதவும்.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: இரண்டு வருஷமாக எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சோறு மஞ்சளாக வருகிறது. முக்கால் கிலோமீட்டரில் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. அதனால்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அம்மா. இந்தக் கேள்விக்கு மேடையில் ஒரு பதிலும் கம்பெனி அலுவலகத்தில் ஒரு பதிலும் தயாராக இருக்கும். இரண்டையும் நம்பாதீர்கள்.

எண்ணெயோடும் வாயுவோடும் ஆழத்திலிருந்து தண்ணீரும் ஏறி வரும். பல கிணறுகளில் அது கடும் உப்பு. கூடவே எண்ணெய்ப் பிசுக்கு, பென்சீன், சில இடங்களில் இயற்கையான கதிரியக்கத் தாதுக்களும் இருக்கும். அது மேலே வரும் வழியில் ஊர் குடிக்கும் நீர்மட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நடுவில் காவலாக இருப்பது இரும்புக் குழாயும் அதைச் சுற்றி ஊற்றிய சிமெண்டும் மட்டுமே. சிமெண்ட் விரிசல் விட்டாலோ, மேலே துளையிடும் சகதியைத் தேக்கும் குழியின் தார்ப்பாய் கிழிந்தாலோ தண்ணீர் கெடும். இது ஒரு பக்கம்.

மறு பக்கம், நம் டெல்டாவின் கடலோரம் ஏற்கெனவே உப்புதான். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் எந்த எண்ணெய்க் கிணறும் தோண்டாமலேயே நல்ல தண்ணீர் கிடைப்பது அருமை. ஆற்றில் தண்ணீர் குறைந்து, எல்லோரும் போரை ஆழப்படுத்தி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். அது பெரும்பாலும் மெதுவாக, ஆண்டுக்கணக்கில், தெரு முழுவதும் ஒரே மாதிரி வரும். கசிவு அப்படியில்லை. திடீரென்று, ஒரு மூலையில் இரண்டு மூன்று போரில் மட்டும் தெரியும்.

பிரித்தறிய ஒரு நல்ல தடயம் பேரியம். துளையிடும் சகதியில் பாரைட் என்கிற பேரியத் தாதுவைக் கனத்துக்காகக் கலப்பார்கள். ஆழத்து உப்புநீரிலும் பேரியம் கரைந்திருப்பது உண்டு. கடல்நீரில் சல்பேட் நிறைய இருப்பதால் பேரியம் அதில் கரைந்து நிற்காது. ஆகவே உப்போடு பேரியமும் உயர்ந்து சல்பேட் குறைவாக இருந்தால் கடலைக் குறை சொல்ல முடியாது. குடிநீரில் பேரியத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, 500க்குள் இருக்க வேண்டும்; வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. குளோரைடு 250, அதேபோல் 1000 வரை.

பரிசோதனைக்கு மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே வழக்கமாகப் பார்ப்பதில் பேரியமும் எண்ணெயும் வராது, தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். உப்புச் சோதனைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் போதும், அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு. எண்ணெய், பென்சீன் பார்க்கக் கண்ணாடி பாட்டில்தான், அதையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பென்சீன் பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஐஸ் பெட்டியில் அன்றே போக வேண்டும். ஊறுகாய் பாட்டிலில் கொண்டு வந்த மாதிரியை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை எந்த அதிகாரியும் ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

ஆண்டுக்கு இரண்டு முறை செய்யுங்கள்: மேட்டூர் திறக்குமுன் மே மாதக் கடைசியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தையில் ஒன்று. இன்னும் தண்ணீர் கெடாத வீடுகளும் செய்ய வேண்டும். கெட்ட பிறகு எடுக்கிற ஒரே அறிக்கையைக் காட்டினால், 'முன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கும்' என்பார்கள். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

காரைக்காலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் எல்லாம் ஒன்றுதானா?

ஹைட்ரோகார்பன் என்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மீத்தேன் அதில் ஒன்று, இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு அதுவே. எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நிலக்கரிப் படுகையிலிருந்து எடுக்க முதலில் அந்தப் படுகையின் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். 2010ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தமான திட்டத்தை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்ததற்கு இது முக்கியக் காரணம். மாநில அரசு 2015ல் அதை நிராகரித்தது. ஷேல் என்பது ஒரு வகைப் பாறை; அதிலிருந்து எடுக்க நீரழுத்தத்தால் அதைப் பிளக்க வேண்டும். ஒன்றிய அரசின் 2016 கொள்கை மாற்றத்துக்குப் பிறகு ஒரே உரிமத்தில் எல்லாவற்றையும் எடுக்கலாம். அதனால் 'இது மீத்தேன் திட்டம் இல்லை' என்று யாராவது சமாதானம் சொன்னால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை.

நன்னிலம் பக்கம், இரண்டு குழந்தைகளின் தாய்: இரவெல்லாம் கிணற்றில் தீ எரிகிறது. சின்னவனுக்கு இழைப்பு. இதனாலா சார்?

ஒரு குழந்தைக்கு வந்த இழைப்புக்கு இதுதான் காரணம் என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாதம்மா. நெல் தூசி, அடுப்புப் புகை, வீட்டில் பீடி, எல்லாம் கணக்கில் வரும். ஆனால் உங்கள் பயம் வெறும் பயமல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023ல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தியில் இருந்த வாயுக் கிணறுகளுக்கு அருகே ஆஸ்துமா தீவிரமாவது நான்கைந்து மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அங்கே கிணறுகள் நெருக்கம், பாறை பிளக்கும் முறை; அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்ட வேண்டாம். கலிஃபோர்னியாவில் 2022 சட்டம் வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 3,200 அடிக்குள் புதுக் கிணறு கூடாது என்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

வேண்டாத வாயுவை எரிக்கும் அந்தத் தீ சுத்தமாக எரிந்தால் புகை தெரியாது. கரும்புகை என்றால் அரைகுறையாக எரிகிறது, நுண்தூசியும் பென்சீனும் வெளியே வருகின்றன. கரும்புகை வரும் நாள், நேரம், காற்றின் திசை, பையனுக்கு இழைத்த நாள், இவற்றை ஒரே நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூச்சுத் திறன் சோதனை செய்து சீட்டில் நோயின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். 'சளி' என்று எழுதினால் விடாதீர்கள்.

கோட்டூர் ஒன்றியம்: சில நாள் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். நாற்றம் திடீரென நின்றால் நிம்மதியடையாதீர்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வண்டியைக் கிளப்பாமல், காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, மேட்டுக்குப் போங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கக் குழிக்குள் இறங்கக் கூடாது. இரண்டாவதாகச் சாவது அப்படித்தான். 112க்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கும் சொல்லுங்கள்.

திருமருகல், குத்தகை விவசாயி: வயல் நடுவே குழாய் போகிறது என்று நோட்டீஸ். கையெழுத்துப் போடவா?

முதலில் நோட்டீஸில் அரசிதழ்த் தேதியைப் பாருங்கள். 1962 குழாய்ச் சட்டப்படி அந்தத் தேதியிலிருந்து 21 நாளுக்குள் தகுதி பெற்ற அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபணை தர வேண்டும், நேரில் பேசவும் உரிமை உண்டு. நாள் தவறினால் போச்சு. நிலம் உரிமையாளர் பேரிலேயே இருக்கும்; ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு, கிணறு, குளம், மரம் கூடாது. இழப்பீடு நிலச் சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதம் தனி. பயிர்ச் சேதம் சாகுபடி செய்கிற உங்களுக்கு வர வேண்டியது. அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே வி.ஏ.ஓ.விடம் பாருங்கள்.

நரிமணம், டீக்கடைக்காரர்: இங்கே வெடிக்குமா?

உள்ளழுத்தம் அடங்காமல் கிணறு கட்டுமீறுவது அபூர்வம், நடந்தால் நாட்கணக்கு. ஆந்திராவின் பாசர்லபூடியில் 1995 ஜனவரி 8ல் பற்றிய தீ 65 நாள் எரிந்தது. அசாம் பாக்ஜானில் 2020 மே 27ல் கட்டுமீறிய கிணறு ஜூன் 9ல் தீப்பிடித்தது, அடக்க நவம்பர் ஆயிற்று. எனக்குக் கிணற்றைவிடப் பழைய குழாய்கள் மேல்தான் கவலை. 2014 ஜூன் 27ல் ஆந்திராவில் 'நகரம்' என்கிற கிராமத்தில் விடிகாலையில் வெடித்தது குழாய், வீடுகளோடு மக்களும் எரிந்தார்கள். நம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ல் வயலில் எண்ணெய் பீறிட்டதும் குழாயில்தான். குழாய் எந்த ஆண்டு போட்டது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டு வையுங்கள்.

திருவிடைமருதூர் பக்கம்: வயலில் எண்ணெய் கசிந்தால் முதலில் என்ன செய்வது?

பீடி, மோட்டார் எதுவும் வேண்டாம். வாய்க்காலுக்குப் போகும் மடையை அடையுங்கள். ஊர் முழுக்கப் பரவுவது அந்த வழியாக. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அது எண்ணெயைக் கீழே இறக்கும். அவர்கள் மண்ணை அள்ளிப் போகுமுன் அரை அடி ஆழத்திலும் ஒரு அடி ஆழத்திலும் மாதிரி எடுத்து, வி.ஏ.ஓ. முன்னிலையில் சீல் வைத்து, ஒரு பங்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்த கசடு அபாயக் கழிவு, அதைப் பக்கத்துப் புறம்போக்கில் கொட்ட விடக் கூடாது. உப்புநீர் புகுந்த களிமண் இறுகிவிடும்; பரிசோதனைக்குப் பிறகு ஜிப்சம் போட்டு, வடிகால் இருந்தால் மட்டும் அலசலாம்.

பேரளம், ஊராட்சி வார்டு உறுப்பினர்: கிராமசபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா சார்?

எண்ணெய் வயல் ஒன்றிய அரசின் அதிகாரம், தீர்மானம் போட்டதும் உரிமம் ரத்தாகாது. ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதியில் 2020 ஜனவரி திருத்தத்துக்குப் பிறகு தேடுதல் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை. ஊரின் சொல் பதிவாகும் ஒரே இடம் கிராமசபைதான். 'ஹைட்ரோகார்பன் வேண்டாம்' என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், புல எண், கிணற்று எண், தண்ணீர் அறிக்கையின் தேதி எல்லாம் சேர்த்துத் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள்தான். அப்போது காகிதம் தேட நேரம் இருக்காது.

ஒரு பொறியாளர், தஞ்சை: நீங்களும் கேஸ் அடுப்பில்தானே சமைக்கிறீர்கள்?

ஆமாம். அதற்காக என் குடிதண்ணீரைச் சோதிக்கக் கூடாதா?

வலங்கைமான் பக்கம்: மூடிய கிணறு ஒன்று கருவேலங்காட்டுக்குள் கிடக்கிறது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதன் மேல் உட்கார்கிறார்கள்.

முறைப்படி மூடினால் உள்ளே பல ஆழங்களில் சிமெண்ட் அடைப்பு, மேலே இரும்புத் தகடு, கிணற்று எண் பொறித்த அடையாளம் இருக்க வேண்டும். மழை பெய்து தண்ணீர் தேங்கியிருக்கும்போது தள்ளி நின்று பாருங்கள்: குழாயைச் சுற்றி விடாமல் குமிழி வந்தால் வாயு கசிகிறது. மீத்தேனுக்கு வாசனை கிடையாது, காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்தால் பொறி போதும். குமிழியைக் காணொளி எடுத்து, எண் தெரியும்படி ஒரு படமும் எடுத்து, ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிள்ளைகளை இன்றே அங்கிருந்து விலகச் சொல்லிவிடுங்கள்.