திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம்? டிக்கெட்டில் ஏன் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது?

உங்கள் டிக்கெட்டில் இரவு 1 மணிக்குக் கிளம்பி காலை 7:45க்கு இறங்குவதாக இருக்கிறது. பறப்பது ஆறே முக்கால் மணி நேரம் இல்லை. இறங்கும் நேரம் சிங்கப்பூர் கடிகாரப்படி போட்டிருப்பார்கள். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் நாலே கால் மணி நேரம். திரும்பி வரும்போது இதுவே தலைகீழ்: இரவு 7 மணிக்கு ஏறினால் நம்மூர் நேரம் 8:45க்கே வந்துவிடலாம்.

நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரம்தான் ஆகும். மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் ஏறி இறங்குவதிலும் போகிறது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடியில் தஞ்சாவூர் வயல்களில் மேல்காற்று அடிக்கிறதே, அதை நம்பி விமானம் கிழக்கே வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக வலுவாக வீசும். அதனால் அந்த மாதங்களில் போகும்போது சில நிமிடங்கள் கூடலாம், வரும்போது குறையலாம்.

அப்புறம், கும்பகோணத்திலிருந்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். எனவே இரவு 7:30க்கெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள்.