300 எம்பிபிஎஸ் (Mbps) இணைய வேகம் இருந்தும் கன்சோலில் நாட் டைப் 3 வருகிறது. ரௌட்டரில் எதை மாற்ற வேண்டும்?

கேட்டவர் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறார். ஃபைபர் இணைப்பு, பிளேஸ்டேஷன், நாட் டைப் 3, அதாவது வெளியிலிருந்து கன்சோலைத் தேடி வருபவரை ரௌட்டர் தடுக்கும் நிலை. நண்பர்கள் சிலருடைய ஆட்டத்தில் சேர முடிகிறது, சிலருடையதில் முடியவில்லை, ஒருவர் பேசுவது கேட்கவே இல்லை என்கிறார். எனக்கு முன் பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் "நல்ல கேமிங் ரௌட்டராக ஒன்று வாங்குங்கள்" என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். ஐயா, தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ரௌட்டர் கூடுதலாக இருக்கிறது என்பது என் ஊகம்.

நான் கணினி படித்தவன் அல்லன். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை. இயந்திரம் நின்றால் எங்கள் பிரிவில் முதலில் பார்ப்பது மின்சாரம் எதுவரை வந்து நின்றிருக்கிறது என்பதைத்தான். பாகத்தை மாற்றுவது கடைசிப் பேச்சு. ரௌட்டரும் இயந்திரம்தானே? நெட்வொர்க் பொறியாளர் யாராவது வந்து என் விளக்கம் அரைகுறை என்பார். இருக்கட்டும். பிள்ளை விளையாடுவதற்கு அது போதும்.

என் வீட்டில் விளையாடுவது மகள். "படிக்கிற வயதில், அதுவும் பெண் பிள்ளைக்கு" என்று தட்டச்சு செய்யத் தொடங்கியவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வாரம் முழுக்கப் படிக்கிறாள். சனிக்கிழமை இரவில் கிள்ளானில் இருக்கும் அத்தை மகன், செந்தூலில் இருக்கும் சித்தி மகள், சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் எல்லாரும் கூடுகிறார்கள். எங்கள் காலத்தில் தீபாவளிக்குத் தீபாவளி முகம் பார்த்துக்கொண்டோம். இவர்கள் வாராவாரம் சண்டை போட்டுச் சமாதானமாகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

போன தைப்பூசத்துக்கு மச்சான் கோலாலம்பூரிலிருந்து வந்தார். தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வந்த கையோடு மருமகளுக்கு என்று ஒரு பெட்டியை நீட்டினார். லோ யாட் பிளாசாவில் வாங்கிய கேமிங் ரௌட்டர். எட்டு ஆன்டெனா, கறுப்பு உடம்பு, நெற்றியில் சிவப்பு விளக்கு. விலை என்ன மச்சான் என்றால் சிரித்து மழுப்பினார். ரசீது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 900 ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட் குறைவு. அவரே அதை, இணைய நிறுவனத்தார் பொருத்திய பழைய ரௌட்டருக்குப் பின்னால் செருகி, வைஃபைக்கு மகளின் பெயரை வைத்து, வேகச் சோதனையை ஓடவிட்டுக் காட்டினார். எண் மளமளவென்று ஏறியது. என் மனைவி அண்ணனுக்கு இன்னொரு முறை பாயசம் ஊற்றினாள். அந்தச் சனிக்கிழமையே கிள்ளான்காரனின் குரல் நின்றுவிட்டது.

செந்தூல் கேட்கிறது, சிங்கப்பூர் கேட்கிறது, கிள்ளான் மட்டும் ஊமை. பெயருக்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஹெட்செட் கெட்டுவிட்டது அப்பா" என்று மகள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். கெட்டிருந்தால் மூவரும் அல்லவா ஊமையாகியிருக்க வேண்டும்? நிறுவனத்துக்கு அழைத்தால், வேகம் சரியாக வருகிறது, எங்கள் பக்கம் பழுது இல்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். வேகத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

உங்கள் குடியிருப்பின் வாசலில் காவலர் சாவடி இருக்கும். உணவு வரவழைத்து, ஆள் வருவார் என்று நீங்கள் சொல்லிவைத்திருந்தால் காவலர் விடுவார். சொல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புவார். ரௌட்டர் செய்யும் நாட் என்ற வேலை ஏறத்தாழ இதுதான். இணையதளம் பார்க்கும்போது கேட்டது நீங்கள், வருவது அதற்கான பதில், ஆகவே தடை கிடையாது. வேகச் சோதனையும் அதே வகை என்பதால் அதில் எந்தக் குறையும் தெரியாது. குரல் உரையாடலிலும் பல ஆட்டங்களிலும் கன்சோல்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தேடி வரும். அவற்றுக்காக யாராவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால் கன்சோலே ரௌட்டரிடம் "இந்தப் போர்ட்டில், அதாவது இந்த எண் போட்ட வாசலில், எனக்கு ஆள் வரும்" என்று சொல்லிவிடுகிறது. இரண்டு ரௌட்டர் வரிசையாக இருந்தால், சேதி உள்சாவடியோடு நின்றுவிடுகிறது. வெளிச்சாவடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது; வந்தவரை அப்படியே திருப்பிவிடுகிறார். இதைத்தான் இரட்டை நாட் என்கிறார்கள்.

ஒரு குரல் மட்டும் போனதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்பாக்ஸில் இதைத் திறந்தது, மிதமானது, கண்டிப்பானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். திறந்தது எல்லாரோடும் சேரும். மிதமானது, திறந்ததோடும் தன் இனத்தோடும் சேரும். கண்டிப்பானது திறந்ததோடு மட்டும்தான் சேரும். பிளேஸ்டேஷனில் பெயர் டைப் 1, 2, 3; நடப்பது ஏறத்தாழ அதேபோலத்தான். டைப் 3தான் கண்டிப்பானது. ரௌட்டரில் போர்ட் திறந்திருந்தால் டைப் 2உம் திறந்ததைப் போலவே நடக்கும். டைப் 3 இரண்டு எதிரெதிரே வந்தால் பேச்சுவார்த்தை இல்லை. கிள்ளான்காரன் வீட்டில் ஃபைபர் கிடையாது, சிம் அட்டை போட்ட ரௌட்டர். அவன் எப்போதுமே டைப் 3. மச்சானின் பெட்டி வந்ததும் நாங்களும் டைப் 3 ஆகிவிட்டோம். இருவரும் உம்மணாமூஞ்சிகள். ஆகவே உங்களுக்குக் குரல் கேட்காத அந்த நண்பரிடம் அவருடைய நாட் என்னவென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி உங்கள் வீடு. ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் வான் ஐபி என்பதைப் பாருங்கள்; ரௌட்டர் இணையத்தை நோக்கிய பக்கத்தில் வைத்திருக்கும் முகவரி அது. அது 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால், உங்கள் ரௌட்டருக்கு மேலே இன்னொரு ரௌட்டர் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது வாசலுக்குப் பக்கத்தில், ஃபைபர் பெட்டியை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும்.

தீர்வு இரண்டு வகை. நான் செய்தது எளிய வகை: மச்சானின் ரௌட்டரை அக்சஸ் பாயின்ட் பயன்முறைக்கு மாற்றினேன். அதன் பிறகு அது வைஃபை மட்டும் கொடுக்கும், முகவரி பகிர்வதும் காவல் காப்பதும் பழைய ரௌட்டரின் பொறுப்பு. பிறகு பழைய ரௌட்டரில் யூபிஎன்பியை இயக்கி, இரண்டையும் அணைத்துப் போட்டு, கன்சோலையும் முழுதாக அணைத்துப் போட்டேன். உறக்க நிலையில் வைத்தால் போதாது, பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். கன்சோலின் நெட்வொர்க் சோதனையில் டைப் 2 வந்தது. கிள்ளான்காரன் இன்னும் டைப் 3தான், ஆனால் எங்கள் பக்கம் திறந்துவிட்டதால் அவன் குரல் வந்துவிட்டது. வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அக்சஸ் பாயின்ட் ஆக்கியதும் அந்த ரௌட்டரின் "கேமிங்" வசதிகளில் பெரும்பாலானவை செயலிழந்துவிட்டன. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. மச்சானிடம் இதை யாரும் சொல்ல வேண்டாம் என்பது வீட்டில் ஏற்பாடு.

மற்றொரு வகை, நிறுவனத்தார் கொடுத்ததைப் பிரிட்ஜ் பயன்முறையில் (காவல் காக்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) போட்டு உங்கள் ரௌட்டரை முதலாளி ஆக்குவது. அதற்கு பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும், ஒரே இழையில் இணையத்தையும் தொலைக்காட்சியையும் பிரித்துக் காட்டும் விலான் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை இணைப்பு என்றால் இணையத்துக்கான விலான் 500. கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்யட்டும். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியும் அதே இணைப்பில் ஓடினால், அதன் தனி விலானையும் அமைக்காமல் கையை வைத்துவிட்டு அம்மாவின் தொடர் நேரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யூபிஎன்பி ஆபத்தானது என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். அவர் சொல்வது சரிதான். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும், மலிவாக வாங்கிய கேமராவும் கூட, கேட்காமலே கதவைத் திறந்துகொள்ளலாம். பயமாக இருந்தால் யூபிஎன்பியை அணைத்துவிட்டு, கன்சோலுக்கு ரௌட்டரில் நிலையான உள்முகவரி ஒதுக்கி, போர்ட்டுகளைக் கையால் திறந்துவிடுங்கள். டிசிபி, யூடிபி என்பவை தரவு அனுப்பும் இரண்டு முறைகள். பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478 முதல் 3480 வரை, யூடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது 3074, டிசிபியும் யூடிபியும். அதோடு யூடிபி 88, 500, 3544, 4500. ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இரண்டும் 3074க்கு அடித்துக்கொள்ளும். ஒன்றின் மேம்பட்ட நெட்வொர்க் அமைப்பில் மாற்றுப் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். டிஎம்இசட் என்பது ஒரு கருவிக்குக் கதவையே கழற்றி வைப்பது. கன்சோலுக்கு வேண்டுமானால் செய்யுங்கள், கணினிக்கு ஒருபோதும் வேண்டாம். டைப் 1 வந்தால்தான் ஆச்சு என்று அலையாதீர்கள். டைப் 1 என்றால் நடுவில் ரௌட்டரே இல்லை என்று பொருள். வீட்டில் மற்றவர்களுக்கும் இணையம் வேண்டாமா?

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் நாட் சரியாகிவிடும் என்று ஒரு பதிலில் பார்த்தேன். டிஎன்எஸ் பெயரை முகவரியாக்கிக் கொடுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பதிலுக்கு எத்தனை விருப்பக்குறிகள்!

ஆட்டம் இழுத்து இழுத்து நடப்பது வேறு நோய். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். சிங்கப்பூர் சர்வர் என்றால் கோலாலம்பூருக்குக் கவலை இல்லை. தோக்கியோ 5000 கிலோமீட்டருக்கு மேல், 50க்குக் கீழே எந்த ரௌட்டராலும் கொண்டுவர முடியாது. ஆட்டத்துக்குள் வட்டாரத்தை மாற்றிப் பாருங்கள். யாராவது கைப்பேசிப் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் இழுத்தால், பதிவேற்றம் நிரம்புகிறது. ரௌட்டரில் க்யூஓஎஸ் என்ற தரக் கட்டுப்பாடு இருந்தால் அதில் பதிவேற்ற வரம்பைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

வைஃபையை விடக் கேபிள் மேல். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று, அடுக்குமாடியில் அத்தனை வீடும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. நானும் கேபிள் இழுக்கத்தான் நினைத்தேன். வரவேற்பறைச் சுவரில் சுண்டுவிரல் அளவு ஒரு துளை. கட்டட நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் புதுப்பிப்புப் படிவம், வைப்புத்தொகை, வேலை செய்பவரின் அடையாள அட்டை நகல் என்று அடுக்கினார்கள். என் வீட்டுக்கு உள்ளே இருக்கும் சுவர்! மேல்மாடியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தரை ஓட்டை உடைக்கிறாரே, அவரிடம் யார் படிவம் வாங்கியது? இரண்டு லிஃப்டில் ஒன்று சீனப் புத்தாண்டிலிருந்து நிற்கிறது. கதவு உரசும்போதே, உருளை தேய்ந்துவிட்டது, இப்போதே மாற்றினால் செலவு குறைவு என்று போய்ச் சொன்னேன். நான் இந்த வேலையில் ஊறியவன். யார் கேட்டார்கள்? பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் தாமதமானால் மட்டும் அறிவிப்புப் பலகையில் வீட்டு எண் ஏறிவிடுகிறது. சரி, விடுங்கள். தட்டையான கேபிள் கிடைக்கிறது, கதவின் அடியில் சிரமமில்லாமல் போகும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் பயனில்லை. காவல் வேலை இணைய நிறுவனத்தின் பக்கமே நடக்கிறது. இந்த வகை இணைய முகவரிகள் (ஐபிவி4) மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011லேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குகிறார்கள். அதற்கென்றே 2012இல் இந்த எண் வரிசையை ஒதுக்கினார்கள். சிஜிநாட் என்று பெயர். கிள்ளான்காரன் சிக்கியிருப்பது இதில்தான். எண் வேறாக இருந்தாலும் ஒரு சரிபார்ப்பு உண்டு: உங்கள் ஐபியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து, அதில் வருவதும் வான் ஐபியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை, வீட்டிலும் வேறு ரௌட்டர் இல்லை என்றால், நிறுவனத்தை அழைத்துப் பொது ஐபி முகவரி வேண்டும் என்று கேளுங்கள். "நிலையான ஐபி" என்று வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள், அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம் சொல்லக்கூடும். மாறும் முகவரியே போதும், பொதுவானதாக இருந்தால் சரி. எடுத்தவருக்குப் புரியவில்லை என்றால் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இழுத்தடித்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் புகார் செய்யலாம். அப்போது அந்த எண் உதவும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் டைப் 3 என்றால், வான் ஐபியின் முதல் இரண்டு எண்களையும் வீட்டில் எத்தனை ரௌட்டர் இருக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன். முழு முகவரி வேண்டாம். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்தும் போடாதீர்கள். இதே போன்ற கேள்வியில் ஒருவர் போட்டிருந்தார்; வைஃபை கடவுச்சொல் கொட்டை எழுத்தில் தெரிந்தது.