தோட்டாவைக் கையால் நிரப்பினால் தூர இலக்கில் ஏன் குறி கூடுகிறது?

தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. இந்த நாலையும் பொறுக்கி, அளந்து, நாமே ஒரே சீராகச் சேர்ப்பதுதான் கையால் நிரப்புவது.

காரணம் வேகம். மருந்தின் எடையோ குண்டு உட்காரும் ஆழமோ மாறினால் வேகமும் மாறும். நொடிக்கு சுமார் 790 மீட்டரில் கிளம்பும் குண்டு 10 மீட்டர் கூடக்குறையப் போனால், 100 மீட்டரில் குண்டு படும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. 900 மீட்டரில் அதுவே ஒரு சாண். அதனால்தான் மருந்தை கிரெயினில், அதாவது 0.065 கிராம் அலகில், அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கவுண்ட், அதாவது ஒரே பருமன் நூல்தான், ஆனால் வேறு லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) வந்த நூல் கோன் ஒன்று கலந்துவிட்டால் நிட்டிங்கில் தெரியாது, சாயம் போட்டு எடுத்ததும் துணியில் பட்டை பட்டையாக நிற்கும். தோட்டாவுக்கு அந்தச் சாயப்பட்டறை வேலையைத் தூரம் செய்கிறது.

அப்புறம், 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், வீட்டில் செய்து பார்க்கிற வேலையில்லை.

கையால் நிரப்பினால் அடி பலமாக இருக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அப்படியில்லை; மருந்தைக் கூட்டினால் அழுத்தம் ஏறித் துப்பாக்கியே வெடிக்கலாம், குறிக்காகச் சுடுகிறவர்கள் தேடுவது எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல் இருப்பதைத்தான்.