1930களின் பொருளாதார மந்தத்தில், கடல் கடந்து கிளை பரப்பிய வணிக நிறுவனங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

பரீட்சைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இது வீட்டு விஷயம். என் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில், பெகு பக்கம் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக) இருந்தவர்.

அப்போது பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள். கடை என்றால் வட்டிக்கடை. நடவுக்குக் கடன் கொடுப்பார்கள், அறுவடை முடிந்து நெல் விற்றதும் வசூல். 1930 கடைசியில் நெல் விலை சரிந்தது, வசூலும் படுத்துவிட்டது. ஐயா எழுதிய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் தடவிய கறை. 1931க்கு அப்புறம் வரவில் ரூபாயைத் தேடவேண்டும். கடனுக்கு ஈடாக வந்த நிலம்தான் பக்கம் பக்கமாக, ஏக்கர் கணக்கில்.

"நிலத்தைச் சுருட்டியவர்கள்தானே" என்று இங்கே யாராவது வருவார்கள். சரி, 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் 6 சதவீதம் நிலம் இருந்தது; 1937ல் 25 சதவீதம். நான் மறைக்கவில்லை. நிலம் போன பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் வட்டிக்கடைக்காரனுக்கு வேண்டியது ரொக்கம். விற்கப்போனால் வாங்க ஆளில்லாத நிலத்தை வைத்து அவன் சம்பளம் கொடுக்க முடியுமா?

ஐயாவின் முதலாளிக்கு மலேயாவில் ஈப்போவிலும் கடை உண்டு. அங்கே ரப்பர் விலையும் விழுந்துதான் கிடந்தது. ஆனால் அங்கே ஈடாக வந்தவை கடைவீடுகள். வாடகை கொஞ்சமாவது மாதாமாதம் வந்தது. பெகு கடையின் சம்பளம் அந்த வாடகையில்தான் நடந்ததாம். ஊரில் பாதி எழும்பிய வீட்டு வேலையை முதலாளி நிறுத்திவிட்டார். பர்மாவில் வசூலான காசை மறுபடி அங்கே கடன் கொடுக்காமல் ஊருக்கு அனுப்பினார். இன்றைய முருகப்பா குழுமத்தின் செட்டியார் குடும்பமும் முப்பதுகளில் பர்மாவிலிருந்து மூலதனத்தை இந்தியாவுக்கு மாற்றியது. அதே சமயம் 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. எல்லோரும் சுருண்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவுக்கு வந்தபோது, பணத்தை முழுக்க அங்கேயே போட்டிருந்தவர்கள்தான் வெறுங்கையோடு நடந்து வந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். ஐயாவின் மற்றப் பேரேடுகளை, இரண்டு பெட்டி நிறைய, வீடு பாகம் பிரித்தபோது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது வெளியூரில். இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.